வளவுக்குள் ஒரு மேய்ப்பு நாய்

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நாயைத் தோப்புக்கு அனுப்பாதீர்கள்.

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. பெங்களூரிலிருந்து பள்ளத்தூர் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். கூட வந்திருப்பது பத்து மாத ஆண் நாய். தாய் பார்டர் கோலி என்ற ஆடு மேய்க்கும் இனம், தகப்பன் தெருநாய். ஆறு வயதில் ஒன்று, ஒன்பது வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள், வீட்டில் அப்பத்தா. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடத்தியும் நாய் அடங்கவில்லை. பிள்ளைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது, பைக்கைக் கண்டால் பாய்கிறது, தரையில் விழும் வெளிச்சத்தைப் பிடிக்க அலைகிறது. தேவகோட்டைப் பக்கம் உறவினர் தோப்பில் விட்டால் ஓடியாடிச் சுகமாக இருக்கும் என்கிறார்கள்.

சுகமாக இருக்காது. இந்த இரத்தம் மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. ஆள் இல்லாத தோப்பில் கட்டிப்போட்டால் கத்தியே தொண்டை வற்றும். அவிழ்த்துவிட்டால் அடுத்த கொல்லை ஆட்டை வளைக்கும். நாலு நாளில் ஊர்ப் பஞ்சாயத்தாகும். உங்கள் வீட்டில் இருப்பதுதான் அதற்கு நல்லது. ஆனால் அதன் அன்றாடத்தை நீங்கள் அடியோடு மாற்ற வேண்டும்.

இந்த நாய்கள் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லை மலைகளில் உருவானவை. 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயை இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்பார்கள். குரைக்காமல், கடிக்காமல், வெறும் பார்வையாலேயே ஆட்டை நகர்த்திய நாய் அது. வேட்டை விலங்கிடம் ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பு நாய்களில் முதல் மூன்றை மனிதர்கள் பெரிதாக வளர்த்தார்கள், கடைசி இரண்டையும் அடக்கினார்கள். மாடு மேய்க்கும் ஆஸ்திரேலிய இனங்களில் கவ்வுவதையும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள், குதிகாலில் ஒரு கடி கடித்தால்தான் மாடு நகரும் என்பதால்.

இனி உங்கள் நாயைக் கவனியுங்கள். பிள்ளைகள் தூணைச் சுற்றி ஓடத் தொடங்கும் கணத்தில் அதன் தலை தோளுக்குக் கீழே இறங்கும். கண் இமைக்காது. முன்கால் ஒன்று பாதி தூக்கியபடி நிற்கும். பிறகு பாயும்போது நேராகப் போகாது. வில்லாக வளைந்து போய்ப் பிள்ளைக்கு முன்னால் திரும்பும். திரும்பாத பிள்ளையின் குதிகாலில் முன்பல் படும். கோபம் இதில் துளியும் இல்லை. சிதறிய மந்தையை ஒன்றுசேர்க்கிறது, அவ்வளவுதான். தலை இறங்கும் அந்தக் கணம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். அப்போது கூப்பிட்டால் திரும்பும். பாய்ந்த பிறகு கூப்பிட்டால் காதில் ஏறாது.

நம் பக்கத்து ஆட்கள் இதைத் தவறாக எடைபோடுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் நாம் பார்த்துப் பழகியது கிடைநாய். அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகக் கீதாரிகள் என்ற இடையர்கள் ஆட்டு மந்தையை ராத்தங்க வைத்துக் கிடை போடுவார்கள். அங்கே ஆட்டை மடக்குவது மனிதனின் கம்பும் குரலும்தான். நாயின் வேலை ராக்காவல். பகலெல்லாம் ஒரு கருவேல நிழலில் சுருண்டு கிடக்கும், ஒரு காது மட்டும் விழித்திருக்கும். சும்மா கிடக்கத் தெரிந்த நாய் அது. உங்கள் நாயின் தாய்வழிக்கு அந்தக் கலை வராது. தகப்பன் வழிக்கு வரும். எந்தத் தெருவிலும் பாருங்கள், நடுப்பகலில் நாட்டுநாய் எப்படித் தூங்குகிறது என்று! கலப்பு நாயில் இரண்டும் பாதிப் பாதியாக வந்து அமர்வதில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கும். இருந்தாலும் அந்தத் தகப்பன் குணம் உள்ளே எங்கோ இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் உங்கள் முதல் வேலை. நடைநேரத்தைக் கூட்டுவது அல்ல.

ஒரு மணி நேரம் போதவில்லை என்று ஒன்றரை ஆக்குவீர்கள். அடுத்த மாதம் அதுவும் போதாது. தினமும் பந்தெறிந்து ஓடவிட்டால் களைப்படையாத ஓட்டக்காரனைத்தான் உருவாக்குவீர்கள்; மனம் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த நாய்க்கே ஒரு நாளில் பாதிக்கு மேல் தூக்கம் வேண்டும். இந்த வயதுக்கு அதைவிடக் கூடுதலாக. உங்கள் வீட்டில் அதற்கு அவ்வளவு தூக்கம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காத நாய், தூக்கம் கெட்ட கைக்குழந்தை போல் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு சணல் சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளவின், அதாவது நடுமுற்றத்தின், தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் தெரியும், ஆனால் யார் காலிலும் படாத மூலையாகப் பார்த்து விரியுங்கள். நாய் அதில் தானாகக் கால் வைக்கும்போதெல்லாம் வேகவைத்த கோழி ஈரலில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டைச் சாக்கின் மேல் வையுங்கள், கையில் கொடுக்காதீர்கள். கையில் கொடுத்தால் கையைப் பார்க்கும். சாக்கில் வைத்தால் சாக்கைப் பார்க்கும். பிறகு படுத்தால் மட்டும். பிறகு படுத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, தாடையைத் தரையில் வைத்தால் மட்டும். பெருமூச்சு விடும் பாருங்கள், அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். முதலில் வீடு அமைதியாக இருக்கும்போது. பிறகு அப்பத்தா காய் நறுக்கும்போது. பிறகு பிள்ளைகள் நடக்கும்போது. கடைசியாகத்தான் பிள்ளைகள் ஓடும்போது. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் எதுவும் நிலைக்காது.

இதில் வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைப் பேச வேண்டும். அப்பத்தா 'அங்கிட்டுப் போ' என்கிறார், பிள்ளைகள் 'சிட்' என்கிறார்கள், நீங்கள் பெயர் சொல்லி அதட்டுகிறீர்கள் என்றால் நாய் யார் சொல்வதைக் கேட்கும்? வா, படு, விடு, சாக்கு. இப்போதைக்கு இந்த நான்கு போதும். அப்பத்தா வாயிலும் இந்த நான்கே வரட்டும். பெரியவர்கள் இதில் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பழகுவார்கள். நாய் முதன்முதலில் தங்கள் சொல்லைக் கேட்டுப் படுத்தவுடன் அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மூளைக்கு வேலை. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் தன் பார்டர் கோலி 'சேசர்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதை 2011இல் ஆய்வாக வெளியிட்டார். அந்தத் தாய்வழியில் வந்த ஒரு மண்டையைச் சும்மா வைத்திருந்தால் அது தானே வேலை தேடிக்கொள்ளும். பைக்கும் பிள்ளைகளின் குதிகாலும் அப்படித் தேடிக்கொண்ட வேலைகள்தான். உங்கள் வீடு இதற்கென்றே கட்டியது போல இருக்கிறது. முகப்பு, வளவு, வளவைச் சுற்றிய அறைகள், இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீட்டைவிட மோப்ப விளையாட்டுக்கு நல்ல இடம் எங்கே கிடைக்கும்? நாயைச் சாக்கில் இருத்துங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை போய் ஈரல் துண்டை ஏதாவது ஒரு தூணடியில் வைத்துவிட்டு வரட்டும். பிறகு 'தேடு' என்று விடுங்கள். தெரிந்தவுடன் அறைக்குள், பிறகு கதவிடுக்கில், பிறகு இரண்டாங்கட்டில் உரல் மறைவில் என்று கடினமாக்குங்கள். மூக்கைத் தரையில் ஒட்டி, வால் மெல்ல ஆட, ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று காற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே போகும். இப்படிக் கால் மணி நேரம் தேடிய நாய், ஒரு மணி நேரம் ஓடிய நாயைவிட நன்றாகத் தூங்கும்.

பொருள்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். பந்து, செருப்பு, துண்டு. துரத்தப்படும் ஆட்டுக்குட்டியாக இருந்த பிள்ளை அன்றிலிருந்து ஆசிரியராகிவிடும், நாய்க்கும் அது புரியும். ஜெர்மனியில் தோன்றிய 'ட்ரைபால்' என்ற விளையாட்டும் உண்டு. பெரிய காற்றுப்பந்தை நாய் மூக்கால் தள்ளிக் குறித்த இடத்துக்குக் கொண்டுவரும். ஆடில்லாத மேய்ப்பு அது. பின்கட்டு மண்தரை இருந்தால் முயலுங்கள்.

மண்தரை என்று சொல்வதற்குக் காரணம் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் கண்ணாடி போலவே வழுக்கும். அதன் மேல் முழு வேகத்தில் திரும்பும் நாய்க்குப் பின்னங்கால் அகன்று முழங்கால் நாண் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. பத்து மாதத்தில் எலும்பும் மூட்டும் இன்னும் முற்றவில்லை. வீட்டுக்குள் ஓட்டமே கூடாது, பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளங்கால் முடியையும் நகத்தையும் வெட்டிவையுங்கள். நடமாடும் வழியில் கோரைப்பாய் போடுங்கள். அப்பத்தா நடக்கும் வழியில் மட்டும் பாய் வேண்டாம், கால் தடுக்கும்.

வெளிச்சத்தைத் துரத்துவதாக நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. பார்டர் கோலி இரத்தத்தில் நிழலையும் ஒளியையும் துரத்தும் பழக்கம் நோயாகவே முற்றக்கூடும். சாப்பாட்டை மறந்து, கூப்பிட்டாலும் கேட்காமல், சுவரையே பார்த்து நிற்கும் நிலைக்குப் போன நாய்கள் உண்டு. செட்டிநாட்டு வீட்டில் இதற்கான தூண்டுதல் அதிகம். வானம் பார்த்த வளவில் வெயில் கட்டம் கட்டமாக நகரும். வண்ணக் கண்ணாடி பதித்த மேல் சாளரம் வழியே சிவப்பும் நீலமும் தரையில் விழும். தூண் நிழல் மணிக்கு மணி இடம் மாறும். அந்த நேரங்களில் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள், சாளரத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். லேசர் விளக்கு, கைக்கண்ணாடி, மொபைல் வெளிச்சம் இவற்றால் யாரும் விளையாட்டுக் காட்டக் கூடாது. விருந்தாளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நாய் வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்கியதும் திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். 'தேடு' என்று வேறு வேலையில் இறக்குங்கள். சில வாரங்களில் குறையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் நாயும் ஓடும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. நாய் கிட்ட வந்தால் ஓடாமல் மரம் போல் நின்று கைகளைக் கட்டிக்கொள்ளப் பழக்குங்கள். நகராத ஆட்டை மேய்க்க முடியாது, நாய்க்குச் சலித்துவிடும். பல் பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். தேதி தவறக் கூடாது.

வெளியே போகும்போது கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது. விடிவதற்குமுன் ஊருணிக் கரைக்குப் போய், நீளக் கயிற்றில் விட்டு, அது விரும்பும் இடத்தில் எல்லாம் மோந்து பார்க்க விடுங்கள். அதுதான் நடை, வேகமாக இழுத்துக்கொண்டு போவது இல்லை. பைக் தெரியும், ஆனால் நாய் இன்னும் தீனி வாங்கும் தூரம் ஒன்று இருக்கும். அங்கே நின்று, பைக்கைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சாலையை நெருங்குங்கள். ஆட்டிடம் மட்டும் பழக்கிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயிற்சியில்லாத நாய் விரட்டினால் சினையாடு கரு கலையும், அடுத்தவர் பிழைப்பு அது. மயிலும் அப்படித்தான், நம் கொல்லைகளில் கோழி போல் திரிந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள பறவை. தை மாதத்தில் சிராவயல் போல மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர்ப்பக்கம் இருந்தால் அன்றைக்கு நாய் வீட்டை விட்டே வெளியே வரக் கூடாது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அக்னி நட்சத்திரத்தில் நமக்கே தெரியும். இந்த நாய் களைப்பைக் காட்டாமல் வேலை செய்யும் வகை என்பதால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துச் சில விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நடை கிடையாது. அடர்ந்த முடி இருந்தால் மொட்டையடிக்காதீர்கள். தினமும் சீவி உதிர்முடியை எடுங்கள். தள்ளாடினால், நாக்கு கருஞ்சிவப்பானால், எச்சில் கோழையாக வடிந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியை வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சாப்பாட்டில் பெரிய ஆபத்து நம் அடுப்படியின் பெருமைதான்: சின்ன வெங்காயமும் பூண்டும். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் கரைந்திருந்தாலும் விஷம் விஷம்தான், சில நாள் கழித்துத்தான் சோகை தெரியும். மீந்த கோழிக் குழம்பும் வெந்த எலும்பும் வேண்டாம். மசாலா படாத கோழி, முட்டை, சோறு, கொஞ்சம் தயிர் கொடுக்கலாம். 'ஒரு பிடி கொடுத்தால் என்ன' என்று அப்பத்தா பாசத்தில் கேட்பார். அவர் கையாலேயே கொடுக்கட்டும், ஆனால் தனியாக எடுத்துவைத்த கிண்ணத்திலிருந்து.

வெடிச் சத்தம் மேய்ப்பு நாய்களுக்கு மற்றவற்றைவிட அதிகமாக உறைக்கும். தீபாவளியோ திருவிழாவோ, வளவை ஒட்டிய சன்னலில்லாத உள்ளறை ஒன்றைத் திறந்து, சாக்கை அங்கே போட்டு, கூட ஒருவர் உட்காருங்கள். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு: இந்த நாய்க்கு இரண்டு வயது முடியும்வரை வேண்டாம். இப்போது வாங்கினால் புதிய குட்டி இதனிடம் கற்கப்போவது பைக் துரத்துவதைத்தான்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று உண்டு. பழைய மரமும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீட்டில் இடுக்குகள் அதிகம். நாயுண்ணி அந்த இடுக்குகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால் வரும் காய்ச்சலில் நாய் சாகும். ஆகவே உண்ணிக்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் நம் ஊர்களில் உண்ணிக்கும் சொறிக்கும் சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி கோலி வகை இரத்தம் உள்ள சில நாய்களுக்கு எமன். எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் குறையுள்ள நாய்க்கு அந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். தள்ளாட்டம், குருட்டுத்தனம், உணர்விழந்த மயக்கம், சாவு என்று போகும். 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட விஷயம் இது. பார்டர் கோலியில் இந்தக் குறை அரிது, நீளமூக்குக் கோலியில் மிகச் சாதாரணம். உங்கள் நாயின் தாய்க்குப் பின்னால் எந்தக் கோலி இருந்ததோ! வயிற்றுப்போக்குக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் லோபராமைடு மாத்திரையும் இதே ஆபத்துதான். பூச்சிமருந்து கொடுத்த ஆடுமாட்டின் சாணத்தை நாய் தின்றாலும் இது வரலாம். அதனால் கிடை போட்ட வயலில் அவிழ்த்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் வேறு வகையில் கிடைக்கின்றன. வலிப்பு ஏதும் வந்திருந்தால் அதையும் சொல்லி, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில், 'கோலிக் கலப்பு, ஐவர்மெக்டின் கூடாது' என்று சிவப்பு மையில் இன்றைக்கே எழுதிவிடுங்கள். ஊசி போட யார் கூட்டிக்கொண்டு போனாலும் அட்டையைக் காட்டிய பிறகுதான் மருந்து.